கேட்கக் கூசாதே!

ஜூலை மாதம் சேவைச் சங்கத்தின் புதிய தலைவர் பதவியேற்கும்போது மண்டபம் நிரம்பி வழியும். மாலை, சால்வை, கைத்தட்டல். "இந்த ஆண்டு ஐந்து கண் சிகிச்சை முகாம்கள்! இரண்டு பள்ளிகளுக்குக் கழிப்பறை!" என்று அறிவிப்பு பறக்கும். நவம்பர் வரட்டும். அதே சங்கத்தின் வாரக் கூட்டத்தைப் பாருங்கள். பாதி நாற்காலி காலி. தலைவர் மணியடித்துத் தொடங்குவார். செயலர் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாம் முடிந்து, சாப்பாட்டு வாசனை மூக்கைத் துளைக்கிற நேரத்தில் பொருளாளர் எழுவார். "நிதி போதவில்லை" என்பார். எல்லோர் கண்ணும் கைப்பேசிக்குத் தாழும். "ஐந்து முகாமை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு குரல் வரும். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும்!

எதைக் குறைத்தீர்கள் என்று யோசித்தீர்களா? அந்த மூன்று முகாம்களில் வரிசையில் நின்றிருக்க வேண்டிய கிழவர்களையும் கிழவிகளையும் குறைத்தீர்கள். திரும்பியிருக்க வேண்டிய அவர்களின் பார்வையைக் குறைத்தீர்கள்!

காரணங்கள் தயாராக இருக்கும். கடைத்தெருவில் வியாபாரம் இல்லை. விழா மலருக்கு விளம்பரம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். மெல்லிசைக் கச்சேரி வைத்தால் டிக்கெட் விற்ற காசு மண்டப வாடகைக்கே போய்விடுகிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு எத்தனை பேரை நேரில் பார்த்துக் கேட்டீர்கள்? அதே நகைக்கடை, அதே ஜவுளிக்கடை, அதே அரிசி ஆலை. வருஷா வருஷம் அந்த மூன்று வாசல்தானே? மற்ற முந்நூறு வாசல்களை நீங்கள் மிதிக்கவே இல்லையே! "அவரா? தரமாட்டார்" என்று அவருக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள்.

பிறரிடம் கையேந்துவது இழிவு என்று ஔவையின் ஆத்திசூடியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் கேட்க நாக்கு எழவில்லை. ஆனால் அதே ஔவை, ஒருவர் கொடுப்பதைத் தடுக்காதே என்றும் சொல்லியிருக்கிறாள். தனக்காக ஏந்தும் கைக்குத்தான் முதல் அறிவுரை. ஊருக்காக ஏந்தவேண்டிய கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு இரண்டாவது அறிவுரை! கேட்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், கொடுக்கும் மனமுள்ள ஒருவரின் ஈகையை நீங்கள் தடுத்து நிற்கிறீர்கள்.

கேட்பதன் வலிமை தெரிய வேண்டுமா? 1925. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சீடர் பாயின்ட் என்ற இடத்தில் லயன்ஸ் சங்கங்களின் மாநாடு. கண்ணும் தெரியாத, காதும் கேளாத ஹெலன் கெல்லர் மேடையேறினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டார். தயங்கவில்லை, குழையவில்லை. அன்றைக்கு அந்தச் சங்கம் தோன்றி எட்டே ஆண்டுகள். அந்தக் கோரிக்கையை ஏற்ற லயன்ஸ் சங்கங்கள் இன்றுவரை கண்பார்வைப் பணியைக் கைவிடவில்லை. ஒரு பெண், ஒரு மேடை, ஒரு கேள்வி. அதன் பலன் ஒரு நூற்றாண்டு!

"எங்களுக்குச் சேர்வதெல்லாம் சில்லறை" என்கிறீர்களா? ரோட்டரியின் கதையைக் கேளுங்கள். உலகுக்கு நன்மை செய்ய ஒரு நிதியம் வேண்டும் என்று 1917-ல் அதன் தலைவர் ஆர்ச் கிளம்ஃப் முன்மொழிந்தார். முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். ஆறு ஆண்டுகள் கழித்தும் நிதியம் 700 டாலரைத்தான் எட்டியிருந்தது. நாமாக இருந்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்! அவர்கள் மூடவில்லை. அதே ரோட்டரி 1985-ல் போலியோவை ஒழிக்கக் கிளம்பி, 12 கோடி டாலர் திரட்டுவோம் என்றது. 1988-ல் கணக்குப் பார்த்தபோது சேர்ந்திருந்தது 24.7 கோடி டாலர்! அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எண்ணற்ற ஊழியர்களும் தோள்கொடுக்க, 2011 ஜனவரியில் ஹவுராவில் பாதிக்கப்பட்ட குழந்தையோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ நின்றது. 2014 மார்ச்சில் சான்றிதழும் வந்தது.

கேட்டது பணத்தை மட்டுமா? இலங்கையில் போர் நடந்தபோது, சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். அந்த முயற்சியில் முன்நின்ற கொழும்பு ரோட்டரிக்காரர் கே. ஆர். ரவீந்திரன், பின்னாளில் 2015-16-ல் உலக ரோட்டரிக்கே தலைவரானார். துப்பாக்கிகள் ஓய்ந்தன, குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. துப்பாக்கி ஏந்தியவர்களிடம் கேட்க அங்கே துணிந்தார்கள். கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க நமக்குக் கூச்சமா?

துணிந்துவிட்டீர்களா? இப்போது முறையாக இறங்குங்கள்.

முதலில் உங்கள் பையில் கை விடுங்கள். உறுப்பினரே கொடுக்காத திட்டத்துக்கு ஊர் ஏன் கொடுக்க வேண்டும்? தலைவர் கொடுத்த தொகை ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து, "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்ற பேச்சை விடுங்கள். கண் முகாமுக்கு மருத்துவமனை மருத்துவர்களை அனுப்பும். மதுரை அரவிந்த் மருத்துவமனை பல ஆண்டுகளாகச் செய்துவருவது அதைத்தான். இடம் பார்ப்பது, கிராமம் கிராமமாகத் தகவல் சொல்வது, ஆட்களைத் திரட்டுவது உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. ஆகவே, "முகாம் நாளின் சாப்பாட்டை நீங்கள் ஏற்கிறீர்களா? தட்டிக்கும் ஆட்டோ விளம்பரத்துக்கும் நீங்கள் பொறுப்பா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் கை தானாக நீளும்.

வாட்ஸ்ஆப்பில் செய்தி தட்டிவிட்டு, கேட்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இருவர் இருவராக நேரில் போங்கள். டீக்கடைக்காரர் நூறு ரூபாய் தந்தால் அதற்கும் ரசீது போடுங்கள். முகாம் முடிந்த வாரமே வரவுசெலவுக் கணக்கோடு அவர் கடைக்குத் திரும்பிப் போங்கள். "உங்கள் பணத்தில் இத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, ஐயா" என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவரே உங்களைத் தேடி வருவார்.

"இல்லை" என்பார்கள். சொல்லட்டும்! அந்தச் சொல்லால் உங்கள் மானம் ஒரு துளியும் குறையாது. உங்களுக்காகவா கேட்டீர்கள்? முதல் கடை மறுத்தால் இரண்டாவது கடை. தெரு முழுக்க மறுத்தால் அடுத்த தெரு.

எழுங்கள்! குறைத்த மூன்று முகாம்களையும் மீண்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி குறியுங்கள். யார் எந்தத் தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை கடை திறக்கும் நேரத்துக்கே புறப்படுங்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள்!