மெல்லிய நரம்பின் அறம்

அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸ் எனும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து, உயிரோடு நீரிலேயே விட்டுவிடும் வழக்கம், ரே ஸ்காட் 1968-இல் நிறுவிய பாஸ் தூண்டிற்காரர் சங்கம் 1970-களின் தொடக்கத்தில் தன் போட்டிகளில் அதை வலியுறுத்திய பின்னர்ப் பரவலாயிற்று. கொல்லாமை இதனால் ஓரளவு நிறைவேறுகிறது. இன்னா செய்யாமை நிறைவேறுகிறதா என்பதே கேள்வி.

மெல்லிய தூண்டில் நரம்பும் எளிதில் வளையும் கோலும் கொண்டு பெருமீனோடு மல்லுக்கட்டுவதே நேர்மையான ஆட்டம் என்பது பழைய விளையாட்டு அறம்; ஆனால் நரம்பு மெலிய மெலியப் போராட்டம் நீள்கிறது, மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, நீர் சூடேறும் கோடையில் விடுவிக்கப்பட்ட பின்னும் அது மாண்டுபோகக்கூடும். மனிதன் தனக்கு விதித்துக்கொள்ளும் இடர்ப்பாட்டின் விலையை மீன்தான் செலுத்துகிறது. ஆகவே, வீரக்குறைவாகத் தோன்றும் தடித்த நரம்பே இரக்கத்துக்கு நெருக்கமானது. கொக்கியின் முனையருகே எதிர்த்திசையில் நீளும் சிறுமுள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கொக்கி எளிதில் கழலும். முடிச்சில்லாத ரப்பர் கைவலையோ மீனைப் போர்த்திய வழவழப்பான காப்புப் படலத்தை அதிகம் உரிக்காது.

மீனுக்கு வலி உண்டா என்பதில் அறிவியலாளர் இன்னும் ஒருமித்திலர். லின் ஸ்னெடன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட ட்ரவுட் மீன்கள் நெடுநேரம் இரையெடுக்காமல் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. ஐயத்தின் பயன் மீனுக்கே உரியதெனக் கொண்டால், கருவியைத் திருத்துவது தீங்கின் அளவைக் குறைக்குமே அன்றி, பசிக்கன்றிக் களிப்புக்காக ஓர் உயிரை இழுப்பது தகுமா என்ற வினாவைத் தொடாது. சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளோ விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டிலிடுவதையே தடைசெய்துள்ளன.