காட்சிக்கும் எல்லை உண்டோ?

இமயத்தின் குமாவூன் பகுதியில், ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் அமைந்த அமைதியான சிற்றூர் கௌசானி. வானம் தெளிந்த காலையில் திரிசூல், நந்தாதேவி (7,816 மீட்டர்) முதலிய பனிச்சிகரங்கள் அங்கிருந்து வரிசையாய்த் தோன்றும். 1929 சூன் மாதம் அங்குத் தங்கிய காந்தியடிகள், கீதைக்குத் தாம் எழுதிய 'அநாசக்தி யோகம்' என்னும் குஜராத்தி உரையின் முன்னுரையை எழுதினார். அநாசக்தி என்பது பற்றின்மை. கண்ணைக் கவரும் காட்சியின் முன் அமர்ந்து பற்றின்மை பற்றி எழுதியது எண்ணத்தக்கது.

அழகைக் காண விழைவதும் பற்றுத்தானா? பார்ப்பதால் மலை தேய்வதில்லை; ஒருவர் கண்டது மற்றவர்க்குக் குறைவதுமில்லை. ஆதலின் இது மிகுபொருள் விரும்பாமைக்கு மாறன்று என்பர். கண்ணளவில் எனக்கும் அது உடன்பாடே. ஆனால் காண்பவர்க்கு நிற்க நிலம் வேண்டும். சிகரம் நோக்கிய சன்னலுள்ள அறைக்குக் கூடுதல் வாடகை தருகிறோம். அவ்வாடகையை நாடிச் சரிவுகள் வெட்டப்படுகின்றன. குமாவூன் சிற்றூர்கட்கு நெடுங்காலமாக நீர் தந்தவை நௌலா எனப்படும் ஊற்றுகள். நாம் விடுதியில் தாராளமாய்க் குளிப்பதும் அம்மலை நீரில்தான்.

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் திசைவிரதம் வகுத்தனர். இத்திசையில் இவ்வளவு தொலைவே செல்வேன் என வரையறுத்தவர், அதற்கப்பால் உள்ள உயிர்கட்கு நுண்ணிய தீங்கும் செய்யார். பயண வசதியற்ற நாளின் விதி இது என இளையோர் தள்ளுவர். செல்ல இயலாதவர்க்கு விரதம் எதற்கு? நந்தாதேவியின் உட்பள்ளத்தாக்கை மலையேறுவோர்க்கு 1980களின் தொடக்கத்தில் அரசு மூடியதும் இவ்வகை வரையறையே.

பேரப்பிள்ளைகள் கௌசானிக்குப் புறப்பட்டால் நான் தடுக்கமாட்டேன். எத்தனை நாள், எத்தனை வாளி நீர் என்று வீட்டிலேயே வரையறுத்துக்கொண்டு செல்லச் சொல்வேன்.