அயலவர் யார்?

புதிதாய் எழுப்பிய ரொட்டிச் சூளையின் புகை அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் அது காழியாரிடம் முறையிடத்தக்க தீங்கு என்று மாலிகி மத்ஹப் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு அயலவர் என்றால் சுவரால் அறியப்படுபவர்.

நமக்கு அத்தனை தெளிவில்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளுமாக 900 மெகாவற். அந்த மின்சாரத்தில் கொழும்பின் மாடிகளும் தொழிற்சாலைகளும் பங்கு பெறுகின்றன. நிலக்கரித் தூசும் சாம்பலும் மட்டும் அந்தக் கரையிலேயே தங்கிவிடுகின்றன. கச்சான் வீசினால் அவை தோட்டங்களின் மேல் படிகின்றன என்பது அவ்வூராரின் நீண்டநாள் முறைப்பாடு. தூசு மூடிய இலை வெயிலைக் குறைவாகவே வாங்கும். இருமுகிற தோட்டக்காரர் மண்வெட்டியைக் குறைவாகவே பிடிப்பார். மேல் மாகாணத்தின் உற்பத்தி தசமப் புள்ளிவரை கணக்கிடப்படுகிறது. இந்தக் குறைவுக்கு அந்த ஏட்டில் ஒரு நிரல்கூட இல்லை.

மின்சாரமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2022இல் மணிக்கணக்காக இருட்டில் கிடந்தோம். தையல் இயந்திரத்தை நம்பிய வீடுகளுக்கு அந்த இருட்டு பட்டினி. நட்டஈடு கொடுக்கலாமே என்பார்கள். பயிருக்குக் கொடுக்கலாம், மூச்சுக்கு யார் விலை சொல்வது?

சுவர் இருந்த இடத்தில் இன்று மின்கம்பி இருக்கிறது. இந்த முனையில் நான் விசிறியைப் போடுகிறேன். மறுமுனையில் இருமுகிறவர் என்மீது முறையிட்டால், அந்தப் பழைய காழியார் என்னிடம் என்ன கேட்டிருப்பார்?