சுடுகாட்டு மல்லி

வறண்ட புதுக்கோட்டைச் சீமையில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கையில், கல்லறைத் தோட்டத்தில் பூப்பாத்தி அமைப்பது முறையா? வெறும் அலங்காரத்திற்கெனில் முறையன்று. பொருளுணர்த்துவதற்கெனில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் நிலத்தையும் உள்ளத்து உணர்வையும் மலரைக் கொண்டே சுட்டினர். குறிஞ்சி என்றால் கூடல். முல்லை என்றால் காத்திருத்தல். அவ்வாறாயின், நம் கல்லறைகளின் ஓரத்தில் எந்த மலர் பேச வேண்டும்?

நித்தியகல்யாணியைச் சொல்லலாம். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி; சிறிது நீரே போதும்; ஆண்டெல்லாம் பூக்கும். இடுகாடுகளில் மண்டுவதால் அதனைச் 'சுடுகாட்டு மல்லி' என்றழைத்து, முற்றத்தில் வைக்கத் தயங்குவோரும் நம்மிடையே உண்டு. ஆனால், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்கிறிஸ்டின் 1960களில் கிடைத்தது இச்செடியிலிருந்துதான். ஒரே பூவுக்குச் சாவின் பெயரும் உண்டு. முடிவில்லா மங்கலத்தின் பெயரும் உண்டு. எப்பெயரால் அழைப்பது என்பது நம் விசுவாசத்தைப் பொறுத்தது.

ஆண்டவரை அடக்கம் செய்த கல்லறையும் ஒரு தோட்டத்தில்தான் இருந்தது என்கிறார் யோவான். உயிர்த்தவரை மகதலா மரியா தோட்டக்காரர் என்றே எண்ணினார்.

நவம்பர் 2ஆம் நாள் நாம் விலைக்கு வாங்கிச் சாத்தும் மாலை மறுநாளே சருகாகிறது. ஐப்பசி மழையில் ஓர் அடி அகலப் பாத்தியில் இச்செடியை நடுவோம். எவர் குடத்து நீரையும் பறிக்காமல், ஆண்டு முழுவதும் அது உயிர்ப்பைப் பேசும்.