மண்ணுக்குச் சாதி உண்டா?

ஆரணியில் பட்டு நெய்த பழைய வீடுகளின் தறி குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை இறக்கி, மிதியை மிதித்தபடி நெய்வார்கள். மண்ணை வகைப்படுத்த வரும் ஆய்வாளரின் வேலையும் குழியில்தான் தொடங்குகிறது. ஊருக்கு வெளியே செம்மண் புஞ்சை ஒன்றில் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு வெட்டி, குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காகப் பார்த்து, கடைசியில் அந்த மண்ணுக்கு ஒரு பெயர் சொல்கிறார். அந்தப் பெயர் அவர் வருவதற்கு முன்பே மண்ணுக்குள் இருந்ததா, அவர் கொண்டுவந்து ஒட்டியதா? கேட்க எளிய கேள்விதான். ஆனால் இந்தியத் தத்துவ மரபில் நியாய தர்க்கத்தைப் பின்பற்றிய நையாயிகரும் பௌத்தரும் சமணரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டும் முடியாத கேள்வி இது. எல்லாப் பசுக்களிலும் ‘பசுத்தன்மை’ என்று உண்மையில் ஒன்று இருக்கிறது, அது நித்தியமானது என்றார்கள் நையாயிகர். அதற்கு அவர்கள் இட்ட பெயர்களில் ஒன்று ‘சாதி’. தமிழ்க் காதில் இந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும். அந்த ஒலியும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதுதான், பின்னால் வருகிறேன்.

முதலில் குழிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஒரு மண்கட்டியை ஈரமாக்கி, முன்செல் வண்ண அட்டைகளோடு ஒப்பிட்டு நிறத்தை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கிறார்கள். ‘சிவப்பு’ என்று மட்டும் சொன்னால் போதாது. சிவப்பின் சாயல், வெளிச்சம், அடர்த்தி மூன்றும் வேண்டும். செம்மண்ணைச் சிவப்பாக்குவது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அதன் அளவு சொற்பம். துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தே அத்தனை மண்ணையும் சாயம் ஏற்றிவிடுகிறது. சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஈரமண்ணை விரல்களுக்கிடையில் நசுக்கி நாடாவாக நீட்டி, மணல், வண்டல், களி எவ்வளவு என்று கைக்கணக்கில் மதிப்பிடுகிறார்கள்; ஆய்வுக்கூடம் அதைச் சரிபார்க்கிறது. மழைநீர் மேலடுக்கிலிருந்து நுண்ணிய களித்துகள்களை அரித்துக் கீழே இறக்கும். அங்கே அவை மண்கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசியதுபோலப் படியும். மேலே 20 விழுக்காடு களி இருந்தால் கீழே குறைந்தது 24 இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தால் அது ‘களி இறங்கிய அடுக்கு’. அடுத்த கேள்வி, அந்தக் களி பிடித்துவைத்திருப்பவற்றில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது. 35 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் ஆல்ஃபிசால். குறைந்தால் அல்டிசால். களி இறங்கும் அளவுக்கு மண் இன்னும் முதிரவில்லை என்றால் பெரும்பாலும் இன்செப்டிசால். தமிழ்நாட்டுச் செம்மண்ணில் பெரும்பகுதி ஆல்ஃபிசாலிலும் இன்செப்டிசாலிலும் அடங்கும். அமெரிக்க வேளாண்துறைக்காக கை ஸ்மித் தலைமையில் உருவாகி 1975-இல் நூலாக வந்த முறை இது; நாக்பூரில் உள்ள தேசிய மண் அளவாய்வு நிறுவனமும் இதைத்தான் பின்பற்றுகிறது. ‘ஆல்ஃப்’ என்ற அசைக்குத் தனிப்பொருள் கிடையாது. அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்து முன்பு புனைந்திருந்த ஒரு சொல்லின் நறுக்கு அது. மந்திரச் சொல்போல் ஒலிப்பதன் பூர்வீகம் அவ்வளவுதான்.

பெயர் வெறும் ஒட்டுதான் என்பவர்களுக்கு இங்கே நல்ல தீனி கிடைக்கிறது. 35 என்ற எண்ணை எந்த மண்ணும் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கவில்லை. 34-க்கும் 36-க்கும் நடுவே நிலத்தில் வரப்பு கிடையாது. உலக அளவில் புழங்கும் இன்னொரு முறை அதே கோட்டை நெடுங்காலம் 50-ஐ ஒட்டி இழுத்தது. 0.03 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துகள் அமெரிக்கக் கணக்கில் வண்டல், பழைய சர்வதேசக் கணக்கில் மணல்; துகள் என்னவோ ஒன்றுதான். ஸ்மித் குழு 1960-இல் வெளியிட்ட வரைவுக்கு ‘ஏழாவது தோராயம்’ என்றே பெயர் வைத்தது. அதற்கு முன் ஆறு தோராயங்கள் வந்து போயின. பௌத்த தர்க்கத்தின் பேராசான் திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்கிறது மரபு. அவர் குழியருகே நின்றிருந்தால் மகிழ்ந்திருப்பார். ‘பசு’ என்ற சொல் பசுத்தன்மை என்ற ஒன்றைச் சுட்டவில்லை, பசு அல்லாதவற்றை விலக்கிக் காட்டுகிறது, அவ்வளவே என்பது அவர் கொள்கை. மண்ணியலின் வகைப்பாட்டுத் திறவுகோலும் அப்படித்தான் இயங்குகிறது. இது அல்ல, அதுவும் அல்ல என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே போய், தள்ள முடியாமல் நின்றதற்குப் பெயர் சூட்டுகிறது.

நையாயிகர் தரப்பும் இந்த மண்ணுக்குச் சாதி தந்துவிடாது என்பது வேடிக்கை. பத்தாம் நூற்றாண்டின் உதயணர் சாதிகளை நம்பியவர். ஆனால் கண்ட பொதுத்தன்மைக்கெல்லாம் அந்தத் தகுதியைக் கொடுக்க மறுத்தவர். ஒரு பொதுத்தன்மை உண்மையான சாதியாவதற்கு ஆறு தடைகளை அவர் வகுத்தார். அவற்றில் ஒன்று சங்கரம், அதாவது குறுக்கே பாய்ந்து கலப்பது. இரண்டு தன்மைகள் ஓரிடத்தில் சேர்ந்தும், வேறிடங்களில் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்தும் காணப்பட்டால் இரண்டும் ஒருங்கே சாதியாக முடியாது. ‘செம்மண்’, ‘ஆல்ஃபிசால்’ இரண்டையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். ஆரணிப் பக்கம் இரண்டும் சேர்ந்து வரக்கூடும். கேரளத்துச் சரிவுகளில் பல இடங்களில் மண் சிவப்புதான், ஆனால் அல்டிசால். அமெரிக்காவின் இண்டியானாவில் காடு திருத்தி மக்காச்சோளம் விளைக்கும் மண் ஆல்ஃபிசால்தான், ஆனால் பழுப்பு. ஆக, உழவர் சொல்லும் அறிவியலார் சொல்லும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. உதயணரின் விதிப்படி குறைந்தது ஒன்றாவது சாதி அல்ல, ‘உபாதி’, அதாவது நாம் நிபந்தனை வைத்துக் கட்டிய வகை. இன்னும் அடியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பசு எங்கே முடிந்து அடுத்த பசு எங்கே தொடங்குகிறது என்று நமக்குத் தெரியும். ஒரு மண் எங்கே முடிகிறது? தனி உருப்படியே இயற்கையில் இல்லாததால், 1 முதல் 10 சதுர மீட்டர் பரப்பை ‘பெடான்’ என்று வரையறுத்து அதையே உருப்படியாக அறிவியல் வைத்துக்கொண்டது. எண்ணப்படும் பொருளையே எண்ணுபவன் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் இடத்தில் நித்திய சாதி பற்றிப் பேசுவது கடினம்.

அப்படியானால் திக்நாகருக்கு வெற்றியா? இல்லை என்பதே என் வாதம். 35 என்ற எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். மேல்மண்ணில் அளப்பதில்லை. களி இறங்கிய அடுக்கின் மேல்முகத்திலிருந்து 125 சென்டிமீட்டர் கீழே, அல்லது தரைமட்டத்திலிருந்து 180 சென்டிமீட்டரில், அல்லது அதற்குள் பாறை வந்துவிட்டால் பாறைக்குச் சற்று மேலே. ஏன் அவ்வளவு ஆழம்? உழவர் ஒருவர் வயலில் சுண்ணாம்பு தூவினால் மேலே அந்தப் பங்கு ஏறிவிடும். மூட்டை மூட்டையாகத் தூவி மண்ணின் வகையையே மாற்றிவிட முடியும் என்றால் அந்த வகைக்கு அர்த்தமில்லை. எண்ணை மனிதர் தேர்ந்தார்கள், உண்மைதான். ஆனால் மனிதக் கை எட்டாத இடத்தில் அதைத் தேடும்படி விதி செய்தார்கள். 35-க்கும் 50-க்கும் உள்ள முரணும் பார்வைக்குத் தோன்றும் அளவு பெரிதல்ல. இரண்டும் வேறு வேறு கார-அமில நிலையுள்ள கரைசல்களில் அளந்த எண்கள்; ஒரு முறையில் 35 காட்டும் மண் மற்றதில் சுமார் 50 காட்டும். இரண்டு குழுக்கள் இரண்டு முழக்கோல்களோடு போய் ஏறத்தாழ ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. வெறும் ஒட்டுக்கு இது எப்படி நேரும்? இதைவிடக் கறாரான சோதனையும் உண்டு. ஆரணிச் செம்மண்ணைக் கரிசலின் பெயரான வெர்டிசால் என்று அழைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் கோடையில் ஆழமாக வெடிக்க வேண்டும் என்று கேட்கும், நிலம் வெடிக்காது. தப்பான பெயரை மண் மறுத்துப் பேசுகிறது. மறுக்கத் தெரிந்த ஒன்றை வெற்றுப் பலகை என்று சொல்ல முடியாது.

இந்த நிலைமைக்குப் பொருந்தும் சிந்தனை ஆரணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரை ஒட்டிய பூண்டியில் அருகன் கோயில். போளூர் பக்கம் போனால் திருமலையில் குந்தவை பெயரால் வழங்கும் சமணக் கோயில். வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வணிகர் என்றால், இந்தப் பகுதியின் தமிழ்ச் சமணர் வழிவழியாக உழவர். அவர்களது அநேகாந்தவாதம் சொல்வது இது: ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு, ஒரு முகத்தைப் பற்றிய சரியான கூற்று ‘நயம்’, அந்த முகமே முழுப்பொருள் என்று அடம்பிடித்தால் அது ‘துர்நயம்’. காஞ்சியோடு மரபு இணைத்துப் பேசும் சமந்தபத்திரர் இதைத் தர்க்கமாக நிறுத்தினார். எனக்கு இதை விளக்க ஆரணித் தறியைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் பச்சை. அது என்ன நிறம் என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. ஆனால் எந்தக் கோணத்திலிருந்தும் அரக்குச் சிவப்பாகத் தெரியாது. கேள்வி நம்முடையது, பதில் நூலுடையது. ஆல்ஃபிசால் என்ற வகையும் அப்படித்தான். ‘எவ்வளவு களி இறங்கியிருக்கிறது, சத்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது’ என்ற கோணத்துக்கு மண் தந்த பதில் அது. ‘செம்மண்’ என்பது வேறொரு கோணத்துக்குத் தந்த பதில். உதயணருக்குச் சங்கரம் குற்றமாகப் பட்டது. சமணருக்கு அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

கோணத்துக்கு ஒரு உண்மை என்றால் எதையும் நியாயப்படுத்தலாமே என்ற ஆட்சேபம் உடனே வரும். வரவும் வேண்டும். அதற்குப் பதில் தாலுகா அலுவலகத்தின் நிலப்பதிவான அ-பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டமும், தரம், தீர்வை என்று கட்டங்களும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் ரயத்துவாரி நிலவரித் திட்டம் பிறப்பித்த வகைப்பாடு அது. நிலம் எவ்வளவு வரி தாங்கும் என்பதுதான் அது கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு அது பொய்யான பதில் என்று நான் சொல்லமாட்டேன், நயம்தான். ஆனால் கேட்டவர்கள் போன பிறகும் பதில் நிற்கிறது. வரிக்காக இட்ட எண் மண்ணின் பிறவிக்குணம்போல ஏடு மாறி ஏடு வந்துகொண்டிருக்கிறது. நயம் எப்போது கெடுகிறது என்பதற்கு அளவுகோல் இதுதான்: தான் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை மறந்த வகை துர்நயம். யாரோ எதற்கோ போட்ட பிரிவு, நோக்கம் மறைந்த பிறகு பிறப்பாக உறைந்துபோவதைத் தமிழர்கள் மண்ணில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர். ‘சாதி’ என்ற சொல்லை நையாயிகர் பொருளில் படிக்கும்போதும் நமக்கு உறுத்துகிறதே, அந்த உறுத்தலில் தத்துவ நியாயம் இருக்கிறது.

பக்தர்களிடமிருந்து வேறொரு ஆட்சேபம் வரக்கூடும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மண்ணுக்குரிய பிருதிவித் தலம், அண்ணாமலை அக்கினித் தலம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஊரில் நின்று மண்ணை விழுக்காட்டில் அளப்பது பூதத்தை அழுக்காகக் குறுக்குவதாகாதா? ஆகாது. சைவ சித்தாந்தத்தின் 36 தத்துவங்களில் வரும் பிருதிவி, கடப்பாரை தொடும் பொருளின் பெயரல்ல. இரண்டையும் குழப்புவதுதான் இரண்டுக்கும் இழைக்கும் அநீதி. இதே காரணத்தால், சமணர் மண்ணை உயிருள்ளது என்று அன்றே சொன்னார்கள், இன்று அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. முதல் மழையில் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற சேர்மம். அதை உண்டாக்குபவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள். படிக்கச் சுவையான செய்தி. ஆனால் சமணர் சொன்னது மண்ணில் வாழும் உயிர் அல்ல, மண்ணையே உடம்பாகக் கொண்ட ஓரறிவு உயிர். சுவேதாம்பரரின் உத்தராத்தியயன சூத்திரம் மென்மண்ணை ஏழு வகையாகவும் கடுமண்ணை 36 வகையாகவும் பிரிக்கிறது. பின்னதில் உப்பும் இரும்பும் பொன்னும் உண்டு. அந்தப் பட்டியல் கேட்ட கேள்வி, துறவி எதைத் தொடலாம், எதை மிதிக்கக் கூடாது என்பது. நுண்ணோக்கியால் அதற்குச் சான்றிதழ் தருவது, அது கேட்காத கேள்விக்கு அதைப் பதிலாக்குவது.

வகை நித்தியமானதல்ல என்பதற்குக் கடைசிச் சான்று காலம். ஆல்ஃபிசால் மேல் நீண்ட நெடுங்காலம் மழை பெய்து சத்தைக் கரைத்துக்கொண்டே போனால் அது அல்டிசாலாகும். சரிவு நிலத்தில் மேல்மண் அரித்துப் போனாலோ அவ்வளவு காலமும் வேண்டாம், சில தலைமுறையில் களியடுக்கு வெளியே வந்துவிடும். பசு ஒருநாளும் எருமையாவதில்லை, மண் மாறுகிறது. தமிழில் இதற்கு ஒரு பழைய ஒப்புமை உண்டு. தொல்காப்பியம் தெய்வத்தோடு சேர்த்து நிலமாகச் சொன்னவை நான்குதான். ஐந்தாவதான பாலை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஒரே பட்டியலில் நான்கு இடங்களும் ஒரு நிலையும். இலக்கணத்தின் ஒழுங்கின்மை என்று இதைச் சிலர் சொல்லக்கூடும்; மண்ணும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆரணியில் ஓடும் கமண்டல நாகநதியின் கரையில் இன்று வெட்டும் குழியைச் சில ஆயிரம் ஆண்டு கழித்து வெட்டுபவர், அதே இடத்தில் நின்று, அதே விதிகளைச் சரியாகப் பின்பற்றி, வேறு பெயரை எழுதக்கூடும். இருவரும் பிழை செய்தவர்கள் அல்லர்.