மலிவு

ஆங்கிலத்தில் ‘சீப்’ என்ற சொல்லுக்கு ஆதியில் கெட்ட வாசம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது வணிகத்தையே குறித்தது. லண்டனில் சீப்சைடு என்று இன்றும் ஒரு தெரு உண்டு, அந்தக் காலத்துச் சந்தைத் தெரு. பேரம் நன்றாகப் படிந்தால் ‘நல்ல சீப்’ என்றார்கள். ‘நல்ல’ உதிர்ந்துபோய்க் குறைந்த விலை என்று ஆனது. கடைசியில் மட்டமான சரக்குக்கும் மட்டமான மனுஷனுக்கும் பெயராகிவிட்டது. விற்பதைச் சொல்லும் ‘செல்’ அன்று கொடுத்தலைக் குறித்தது. ‘டீல்’ என்றால் பங்கு. இன்று டீல் பேசுகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

நம் மலிவு வேறு வழியில் வந்தது. மலிதல் என்றால் நிறைதல். விளைந்து குவிந்ததால் விலை இறங்கியது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எங்கள் ஊர் வடகரையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் கொஞ்சம் கசக்கிறது. இங்கே அடவிநயினார் அணைத் தண்ணீரில் நெல். மலையடிவாரத்தில் தென்னையும் மாவும். யானை இறங்கிக் குருத்தைப் பிடுங்கியது போக மிஞ்சுவதுதான் வெள்ளாமை. எல்லார் தோப்பிலும் காய் பிடித்த வருஷம், வியாபாரி மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் விலை இறங்கிவிடும். மலிந்தது ஒருவர் தோப்பில், மலிவு இன்னொருவர் பையில்.

பாவூர்சத்திரம் சந்தையில் ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் காய்கறிக்குத் தனி மரியாதை. வரத்து கூடிய நாளிலோ தக்காளி பறிகூலிக்கே கட்டாது, செடியிலேயே விட்டுவிடுவார்கள். தராசு சரி, பேசிய காசும் கைக்கு வந்தது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அதை நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நெல்லுக்கும் கொப்பரைக்கும் அரசின் ஆதரவு விலை இருக்கிறது. மாங்காய்க்கும் தக்காளிக்கும் அந்தப் பிடிமானம் இல்லை. சாப்பிடுகிறவனுக்கு நியாய விலைக் கடை வைத்த நாடு இது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொல்லும், வணிகருக்கான குறளை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். அதை விற்கிறவருக்கு மட்டும் சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? வாங்குகிற கைக்கும் நடு உண்டுதானே.

ஆனால் கடையில் நான் கூடக் கொடுக்கும் காசு தோப்புக்குப் போய்ச் சேராது, வழியிலேயே நின்றுவிடும். தோப்புக்காரரிடம் நேராக வாங்கும்போது மட்டும் பேரம் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். “என்ன அண்ணாச்சி, விலை கேக்காமலே வாங்குதீக?” என்று அவருக்குத்தான் சந்தேகம் வருகிறது. தோப்பு பக்கத்தில் இருப்பதால் எனக்கு இது முடிகிறது. சென்னையில் மாடிவீட்டில் இருப்பவர் என்ன செய்வார் என்பது பிடிபடவில்லை.