அழைத்தால் வரும் குதிரை



இந்தப் பௌர்ணமியில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் குதிரை. விகாரையில் குதிரைக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். பகவானின் போதனைகளைப் பயின்றோர் நகைக்கமாட்டார்கள். தம்மபதத்தில் குதிரை வருகிறது. அங்குத்தர நிகாயத்திலும் மஜ்ஜிம நிகாயத்திலும் வருகிறது. கபிலவஸ்துவை விட்டு நள்ளிரவில் வெளியேறிய சித்தார்த்தரைச் சுமந்து சென்றது கந்தகன் என்னும் குதிரையே.

குதிரைக்குக் கடிவாளம் கடிக்கவும், சேணம் தாங்கவும், வண்டி இழுக்கவும் கற்பிக்கின்றனர். இவையெல்லாம் குதிரை நம் பிடியில் இருக்கும்போது கற்பிப்பவை. திறந்த புல்வெளியில், கயிறு ஏதுமின்றி மேய்ந்துகொண்டிருக்கும் குதிரை, நாம் பெயர் சொல்லி அழைத்தவுடன் புல்லை விட்டுவிட்டு நம்மிடம் நடந்து வருமாறு பழக்குவதோ வேறு வித்தை. அங்கே வலிமை செல்லாது. ஓட்டத்தில் மனிதன் குதிரையை வெல்ல இயலாது. அது தானே விரும்பி வந்தாலன்றி வராது.

குதிரை இயல்பில் அஞ்சும் பிராணி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகாமல் ஓடிப் பிழைத்த குலத்தில் வந்தது. அதன் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு இடங்கள் நீங்கலாக ஏறக்குறைய எல்லாத் திசையையும் அது ஒருங்கே காண்கிறது. காதுகளைத் தனித்தனியே திருப்பி ஒலி வரும் பக்கம் அறிகிறது. நேராக வெறித்து நோக்கிக்கொண்டு விரைந்து வருபவனை அது வேட்டை விலங்கென்றே எண்ணும். ஆதலால் அனுபவசாலிகள் குதிரையைத் துரத்துவதில்லை. சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, கைகளைத் தளர விட்டு, நின்ற இடத்தில் நிற்பார்கள்.

பழக்கும் முறை எளியது; பொறுமைதான் அரிது. முதலில் லாயத்துக்குள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், எப்போதும் ஒரே சொல்லாலோ ஒரே சீழ்க்கையாலோ அழைக்கவேண்டும். அது முகத்தைத் திருப்பினாலே போதும். அக்கணமே ஒரு காரட் துண்டையோ, ஊறவைத்த கொள்ளு ஒரு பிடியையோ தரவேண்டும். சிறிது தாமதித்தாலும் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. பின்னர் இரண்டடி, பிறகு பத்தடி, பிறகு சிறு வேலிக்குள், கடைசியில் பரந்த வெளியில் என்று தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். ஒரு தூரத்தில் தடுமாறினால் முந்தைய தூரத்திற்குத் திரும்பவேண்டும். எப்போதும் தீனியே தரவேண்டுமென்பதில்லை. பிடரிமயிர் முடியும் இடத்தில் முதுகைச் சொறிந்துவிடுவதும் குதிரைக்குப் பேரின்பம். குதிரைகள் ஒன்றுக்கொன்று அவ்விடத்தையே பல்லால் சொறிந்துகொள்வதைக் கண்டிருப்பீர்கள்.

இனிதான் முக்கியமான செய்தி. நன்கு பழகிய அழைப்பையும் கெடுத்துவிட முடியும். வந்தபோதெல்லாம் கடிவாளம் மாட்டி வேலைக்கு ஓட்டினால், வந்தவுடன் மருந்து ஊசி குத்தினால், தாமதித்து வந்ததற்காகச் சவுக்கால் ஒன்று வைத்தால், குதிரை கணக்குப் போட்டுவிடும். நம் கணக்கில் அந்த அடி தாமதத்திற்காக. குதிரையின் கணக்கில் அது வந்ததற்காக. அடுத்த முறை அது வராது. ஆகவேதான் விவரமறிந்தவர்கள் பலமுறை சும்மா அழைத்து, தடவிக் கொடுத்து, ஒன்றும் செய்யாமல் மேயத் திருப்பி அனுப்புகிறார்கள். கோபத்தோடு குதிரையிடம் செல்லாதே என்று கிரேக்க நாட்டுச் செனபோன் கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தம் குதிரையேற்ற நூலில் எழுதி வைத்தார்.

கோபத்தை மறைத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். மறைக்க முடியாது. பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை கூட்டல் கழித்தல் செய்து குளம்பால் தட்டி விடை சொல்வதாக உலகப் புகழ் பெற்றிருந்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். சரியான எண் வந்ததும், கேள்வி கேட்டவர் தாமறியாமலே தலையை இம்மியளவு அசைத்தார்; குதிரை அதைக் கண்டே நிறுத்தியது. தம்மைப்பற்றி மனிதர் அறியாததைக் குதிரை அறிந்திருந்தது! ஜாதகக் கதை ஒன்றும் இதற்கு ஒத்தது. காசி மன்னனின் பட்டத்துக் குதிரை பாண்டவன் திடீரென நொண்டியது. மருத்துவர்கள் உடலில் நோய் ஏதும் காணவில்லை. அதன் கடிவாளம் பிடித்து முன்னே நடந்த கிரிதந்தன் நொண்டி. அவன் நடப்பதே தனக்குக் கற்பிக்கும் நடையென்று குதிரை எண்ணிவிட்டது. கால் நலமுள்ள வேறொருவனை அமர்த்தியதும் நொண்டல் நின்றது.

இளைஞர்கள் உபோசத நாளில் விகாரைக்கு வருவதில்லை என்று பெரியோர் பலர் நம்மிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வந்த நாட்களில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்கவேண்டாமா? ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ என்று வாசலிலேயே ஒருவர். சட்டையையும் தலைமுடியையும் பழித்து ஒருவர். சந்தா பாக்கி என்று நோட்டை நீட்டி ஒருவர். வீட்டிலும் தந்தை மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கண்டிப்பதற்கு மட்டுமே என்றாகிவிட்டால், தன் பெயரே அவன் காதுக்குச் சவுக்கொலியாகிவிடும்.

மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாலி என்னும் பிக்குவின் வரலாறு உள்ளது. ஒருவேளை மட்டும் உண்ணும் விதியைத் தம்மால் ஏற்க இயலாதென்று கூறி, மழைக்காலம் மூன்று மாதமும் அவர் பகவானின் கண்ணில் படாமலே ஒதுங்கியிருந்தார். பின்னர் வந்து பணிந்தார். பகவான் அவர் தவற்றை மழுப்பவில்லை, தெளிவாகவே எடுத்துரைத்தார். எனினும் துரத்தவில்லை, மன்னிப்பை ஏற்றார். அச்சூத்திரத்திலேயே உத்தம ஜாதிக் குதிரைக்குட்டியைப் பழக்கும் உவமை வருகிறது: முதன்முதல் கடிவாளம் ஏறும்போது குட்டி திமிறும், முன்பு அறியாததால் திமிறும், திரும்பத் திரும்பப் படிப்படியாகச் செய்ய அமைதியுறும். அதே சூத்திரத்தில் ஒற்றைக் கண்ணனின் உவமையும் உண்டு. ஒரு கண் இழந்தவனின் உறவினர் எஞ்சிய கண்ணை எவ்வளவு கவனமாகக் காப்பார்களோ, அவ்வாறே சிறிதளவு சிரத்தையும் சிறிதளவு அன்பும் மட்டுமே கொண்டு வாழும் பிக்குவைச் சங்கத்தார் ஓயாமல் கண்டித்து, இருப்பதையும் இழக்கச் செய்யலாகாது என்கிறார் பகவான். எப்போதோ ஒருமுறை வரும் நம் இளைஞனிடம் இருப்பது அந்த ஒற்றைக் கண்தான்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? கூடும். குதிரை பழக்கும் கேசி பகவானிடம் வந்தபோது, மென்மையாலும் பழக்குவேன், கடுமையாலும் பழக்குவேன், இரண்டாலும் பழக்குவேன் என்றார். எதற்கும் பழகாத குதிரையைக் கொன்றுவிடுவேன், என் குருகுலத்திற்கு இழுக்கு வரலாகாது என்றும் சொன்னார். நீங்கள் எவ்வாறு என்று அவர் கேட்க, பகவானும் அவ்வாறே விடை கூறினார். கேசி திகைத்தார், ததாகதர் கொல்வாரா? பகவான் விளக்கினார்: இவனிடம் இனிப் பேசத் தக்கதில்லை, இவனுக்கு இனி உபதேசிக்கத் தக்கதில்லை என்று ஆசிரியரும் உடன் பயில்வோரும் ஒருவனை விட்டுவிடுவதே இந்தச் சாசனத்தில் கொலை. அதைக் கேட்ட கேசி அங்கேயே சரணடைந்து உபாசகரானார்.

நம்மிடையே எத்தனை பேரை அப்படிப் பேசாமலே விட்டிருக்கிறோம் என்று வரிசையாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். பத்தாலியிடம் மழைக்காலம் முடிந்ததும் சக பிக்குகள் நயமாகப் பேசினார்கள். அதன் பிறகே அவர் வந்தார். முதற்பிக்குவாகிய கொண்டஞ்ஞரை இசிபதனத்தில் பகவான் சங்கத்தில் சேர்த்ததே ‘ஏஹி’, அதாவது வா, என்னும் அழைப்பால்தான்.

ஆகவே வரும் உபோசதத்திற்கு முன்பு, ஒவ்வொருவரும் வராதவர் ஒருவரின் வீட்டிற்குச் சென்று வருக. நலம் விசாரியுங்கள், தேநீர் கொடுத்தால் அருந்துங்கள். விகாரைக்கு ஏன் வரவில்லையென்று முதல் முறை கேட்கவே வேண்டாம். சந்தா நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.